பட்டை மணக்கும் ஆப்பிள் வதக்கல்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக அப்பலாச்சிய மலைப்பகுதியில், வெண்ணெயில் வதக்கிய ஆப்பிள் காலை உணவுக்குப் பழகிய துணை. கிரானி ஸ்மித் போன்ற கெட்டியான, புளிப்பான பச்சை ஆப்பிளே இதற்கு ஏற்றது. மாவாக இருக்கும் பழம் சீக்கிரம் குழைந்துவிடும்.

4 ஆப்பிள்களை விதை நீக்கி, அரை அங்குலக் கனத்தில் நறுக்க வேண்டும். அடிகனமான வாணலியில் 2 மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, மிதமான தீயில் துண்டுகளை 5 நிமிடம் புரட்ட வேண்டும். பிறகு 3 மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு சேர்க்கலாம். பட்டைத்தூளை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும்.

சர்க்கரை பழச்சாற்றை வெளியே இழுக்கும். அது வெண்ணெயோடு கலந்து பாகாகி, துண்டுகளின்மேல் பளபளவென்று படியும். கத்தி முனை எளிதாக இறங்கினால் அதுவே பதம். சுடச்சுடப் பரிமாறினால் மணமும் சுவையும் கூடும்.