வெண்தூளில் இருந்த நீர்



வரலாற்றில் பட்டம் பெற்ற நாம் இம்மேடையில் ஓர் உப்பைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். அதன் பின்னே பழைய கடன் ஒன்று உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், அறிவியல் ஆசிரியர் விடுப்பிலிருந்த நாளொன்றில் அவர் வகுப்பை நாம் ஏற்றோம். மக்னீசியம் கார்பனேட் என்று சீட்டு ஒட்டிய வெண்தூளைச் சோதனைக்குழாயிலிட்டுச் சூடாக்கச் செய்தோம். குழாயின் மேற்பகுதியில் நீர்த்துளிகள் அரும்பின. நம் காலனியிலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, வாய்பாட்டில் தண்ணீரே இல்லையே, இது எங்கிருந்து வந்தது?" என்று வினவினாள். "குழாயை நீ சரியாகத் துடைக்கவில்லை" என்று கூறி அவளை அமரச் செய்தோம். அவள் துடைத்ததை நாமே கண்டிருந்தோம்.

அந்நீர் தூளுக்குள்ளேயே இருந்தது. மக்னீசியம் அயனி நீரில் கரைந்திருக்கையில் ஆறு நீர் மூலக்கூறுகள் அதனைச் சூழ்ந்து இறுகப் பற்றியிருக்கின்றன. சுண்ணாம்பின் கால்சியம் நீரை எளிதில் விட்டுவிடும், மக்னீசியம் விடாது. ஆகவே சாதாரண வெப்பநிலையில் நீரோடு கூடிய கார்பனேட்டுகளே முதலில் படிகின்றன.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், லான்ஸ்ஃபோர்டு ஊரை அடுத்த நிலக்கரிச் சுரங்கத்தில் இப்படிகங்கள் கூரையிலிருந்து விழுதுகள்போல் தொங்கின. 1888இல் விவரிக்கப்பட்ட லான்ஸ்ஃபோர்டைட்டில் ஒரு கார்பனேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள் உண்டு. குளிர்ந்த சுரங்கத்தைவிட்டு வெப்பமான அறைக்கு வந்தால் அது இரண்டை இழந்து நெஸ்க்விஹோனைட் ஆகிறது. புறவடிவம் பழையதாகவே நிற்கும், உட்பொருளோ வேறாகியிருக்கும்! பெட்டியின் மேல் எழுதிய பெயரை நம்புவோர் ஏமாறுவர்.

மேலும் வெப்பமேறினால், ஏறக்குறைய 50 பாகை செல்சியசுக்கு மேல், அது ஹைட்ரோமக்னசைட்டாக மாறும். அப்போது பெருமளவு நீரோடு, பிடித்துவைத்த கரியமில வாயுவில் ஐந்தில் ஒரு பங்கும் வெளியேறுகிறது. நீரே இல்லாத மேக்னசைட், சேலத்துக் குன்றுகளில் வெள்ளை நரம்புகளாக நாம் காண்பது, இவ்வரிசையின் இறுதி நிலை. சாதாரண வெப்பநிலையில் அந்நிலையை எட்ட மிக நெடுங்காலம் செல்லும்.

இது வெறும் ஏட்டறிவன்று. மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கக் கழிவுமேடு, ஹைட்ரோமக்னசைட்டாக மாறி ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் கரியமில வாயுவைக் காற்றிலிருந்து பிடித்ததென 2014இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

இவற்றைப் பிற்காலத்தில் படித்தபோது நம்மை நாணச் செய்தது மற்றொரு செய்தி. ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக், 1756இல் அச்சான தம் கட்டுரையில், இதே வெண்தூளைச் சூடாக்கி வெளிவந்த நீரைச் சேர்த்து எடையிட்டார். குறைந்த எடைக்கு அந்நீர் ஈடாகவில்லை. எஞ்சியது காற்றாகவே சென்றிருக்க வேண்டுமென முடிவுகட்டினார். கரியமில வாயு அறியப்பட்ட வழி அது. அவர் துளிகளை எடையிட்டார். நாம் துடைக்கச் சொன்னோம்.

அம்மாணவி மறு ஆண்டே படிப்பை விட்டுவிட்டாள். காரணம் வறுமை என்றனர். நம் பங்கு எவ்வளவோ, அறியோம். நம் சங்கத்தின் மாலை வகுப்பில் இப்போது அத்தூளும், விளக்கும், பன்னிரண்டு காய்ந்த குழாய்களும் வைத்துள்ளோம். ஞாயிறுதோறும் அறை திறந்திருக்கும்.