மாறிய பஸ் தடங்களும் நம் வீட்டுக் கணக்கும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பஸ்ஸைப் பற்றிப் பேசு என்று செயலாளர் சொன்னபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நம் குடியிருப்பில் பஸ்ஸில் போகிறவர்கள் எத்தனை பேர்? கீழே நிறுத்தியிருக்கும் கார்களையும் ஸ்கூட்டர்களையும் பார்த்தால், பத்துப் பன்னிரண்டு பேர் தேறினால் அதிகம். அதிலும் பாதிப் பேர் என்னைப் போல அறுபதைத் தாண்டியவர்கள். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். காரணத்தைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் மாற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். அதில் இரண்டு தடங்கள் நம் பேட்டையைத் தொடுகின்றன. ஒன்று, மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஏறத்தாழ 45 கி.மீ.; ராயப்பேட்டை, திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அடையாறு, திருவான்மியூர் என்று போகிறது. இன்னொன்று, கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை. இரண்டும் சந்திக்கும் இடம் நம் லஸ் பக்கம், திருமயிலையில். இரண்டு சுரங்கப் பாதை ஒன்றன் கீழ் ஒன்று போக வேண்டும் என்பதால் அந்த நிலையம் மிக ஆழமானது. அடையாற்றுக்கு அடியிலேயே இயந்திரம் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. பெரிய வேலைதான், யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் லஸ்ஸில் குழி தோண்டினால் ராமகிருஷ்ண மடம் சாலையில் பஸ் போக முடியாது. கச்சேரி சாலை, லஸ் சர்ச் சாலை, பக்கத்துத் தெருக்கள் எல்லாம் வேலைக்குத் தகுந்தபடி ஒருவழியாகிவிடும். போகும்போது ஏறுகிற நிறுத்தம் ஒரு தெருவில், வரும்போது இறங்குகிற நிறுத்தம் இன்னொரு தெருவில்.

அதோடு மந்தைவெளி முனையத்தையும் புதிதாகக் கட்டுகிறார்கள். பஸ் நிலையமும் வணிக வளாகமும் சேர்ந்த கட்டடம். 2025 கடைசியில் அங்கிருந்து கிளம்பிய வண்டிகளைப் பட்டினப்பாக்கம், லஸ் என்று பிரித்து விட்டார்கள். பிராட்வேக்கும் பல அடுக்கு வளாகத் திட்டம் இருக்கிறது. அதற்குத் தற்காலிக இடங்கள் ராயபுரமும் தீவுத்திடலும். ஆக, மந்தைவெளி - பிராட்வே 21ஆம் நம்பரில் முப்பது வருஷம் போய் வந்த என் மாதிரி ஆளுக்கு, தடத்தின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. நான் 1982இல் வங்கியில் சேர்ந்தபோது அதன் பெயர் பல்லவன். 1972 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கிய கழகம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் "பல்லவன் வந்துதா?" என்றுதான் கேட்பாள்.

தடம் மாறியதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். தடம் உடைந்தால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கலாம். குமாஸ்தா புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பஸ் கட்டணம் ஸ்டேஜ் கணக்கு. ஏறினவுடன் குறைந்தபட்சக் கட்டணம், சாதாரண வண்டியில் 5 ரூபாய். அதற்கு மேல் தூரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஒரே வண்டியில் போனால் அந்த ஆரம்பக் கட்டணம் ஒரு தடவைதான். பாதி வழியில் இறங்கி வேறு வண்டி மாறினால், அந்த இரண்டாவது வண்டி உங்களைப் புது ஆளாகத்தான் பார்க்கும். மறுபடி முதல் ஸ்டேஜிலிருந்து கணக்கு. தூரம் அதே தூரம், காசு மட்டும் கூடுதல்.

மூத்த குடிமக்களுக்கு இது இன்னும் இடிக்கும். அறுபது முடிந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் 2016லிருந்து கொடுக்கிறார்கள். ஏ.சி. வண்டி தவிர மற்றதில் செல்லும். ஒரு டோக்கன், ஒரு தடவை ஏற. நேர் வண்டி இருந்தால் 10 டோக்கனில் ஐந்து தடவை ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போய்த் திரும்பலாம். நடுவில் ஒரு மாற்றம் வந்தால் போக இரண்டு, வர இரண்டு. பத்து டோக்கனில் இரண்டரை தடவை. அந்த அரைத் தடவையில் போய்விட்டு எப்படித் திரும்புவது என்று கேட்காதீர்கள். டோக்கன் எண்ணிக்கையை யாரும் குறைக்கவில்லை. அதன் மதிப்பு பாதியாகிவிட்டது. வங்கியில் இதைச் செய்திருந்தால் வாடிக்கையாளர் கவுண்டரில் ஏறிக் குதித்திருப்பார்.

லண்டனில் 2016லிருந்து, ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பஸ்ஸில் ஏறினால் அதற்குத் தனிக் காசு கிடையாது. சிங்கப்பூரில் 2010லிருந்து பஸ்ஸோ ரயிலோ மாறினாலும் மொத்த தூரத்துக்குத்தான் கட்டணம்; பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய் வந்தவர்கள் இங்கே நாலைந்து பேர் இருக்கிறீர்கள், அட்டையைத் தட்டிவிட்டு ஏறியிருப்பீர்கள். நம் ஊரிலும் பாதி வேலை நடந்துவிட்டது. 2025 ஜனவரியிலிருந்து சிங்காரச் சென்னை அட்டை பஸ்ஸிலும் செல்கிறது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதி 'சென்னை ஒன்' செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் அதிலேயே டிக்கெட் எடுக்கலாம், வண்டி எங்கே வருகிறது என்றும் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே செயலி என்பது வேறு, ஒரே கட்டணம் என்பது வேறு. கேட்க வேண்டியது இரண்டாவதை.

தினமும் போகிறவர்களுக்கு 1000 ரூபாய் மாதச் சீட்டு இருக்கிறது, ஏ.சி. இல்லாத எல்லா வண்டிக்கும். 2000 ரூபாய்ச் சீட்டு ஏ.சி.க்கும் சேர்த்து. மாதம் 26 நாள் போகிறவர் என்றால் 1000 ரூபாய் ஒரு நாளைக்கு 38 ரூபாய் 50 காசு. அதற்கு மேல் டிக்கெட்டுக்குக் கொடுக்கிறவர் வாங்கலாம். கீழே கொடுக்கிறவர் வாங்கினால் நஷ்டம்.

இப்போது, பஸ்ஸில் போகாத உங்களிடம் பஸ்ஸைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீடுகளில் வேலை செய்கிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? முன்பெல்லாம் அடுத்த தெரு, ஆற்றங்கரை, கடற்கரைக் குப்பம். நடந்தே வருவார்கள். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், அப்புறம் பெரும்பாக்கம் என்று குடும்பம் குடும்பமாக மாற்றப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்தவர்கள் நிறையப் பேர் பெரும்பாக்கத்துக்குப் போனார்கள். வீடு அங்கே போனது, வேலை இங்கேயே இருக்கிறது. பெரும்பாக்கத்திலிருந்து இங்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர்.

நம் பிளாக்கில் நான்கு வீட்டுக்கு வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் போன மாதம் பேசினேன். நாலு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, முதல் வண்டியைப் பிடித்து, மத்திய கைலாஷிலோ அடையாறிலோ மாறி வருகிறார். "முன்னாடி ஒரு வண்டி மாறினா போதும் சார், இப்ப இறங்கி நடந்து இன்னொன்னு பிடிக்கணும்" என்றார். "வண்டி வராம இல்ல சார், எங்க வண்டி வரணுமில்ல?" என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இங்கே நிற்க வைத்திருக்கிறது.

2021 மே 8ஆம் தேதியிலிருந்து பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் இலவசம். வெள்ளை போர்டு என்று சொல்வோமே, அது. போர்டு எல்லாம் மின்னெழுத்தாக மாறிய பிறகு அடையாளம் தெரியாமல் போனதால், 2022இல் முன்னும் பின்னும் பிங்க் வண்ணம் அடித்தார்கள். இந்த இலவசப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு சொன்னது. நமக்கு அது ஒரு ஓட்டல் பில். பாத்திரம் துலக்கும் சம்பளத்தில், ஏறக்குறைய ஒரு வீட்டுச் சம்பளத்தின் பாதி.

இதன் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. நிறுத்தத்தில் நிற்கும் நமக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வருகிறது என்று தோன்றும். டீலக்ஸ், ஏ.சி. எல்லாம் சேர்த்து எண்ணுகிறோம். அந்த அம்மாவின் கணக்கில் சாதாரண வண்டி மட்டும்தான் வண்டி. உதாரணம் சொல்கிறேன்: 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து 135 மின்சார பஸ்கள் விட்டார்கள். மகிழ்ச்சி. அதில் 55 ஏ.சி. மீதி 80 சாதாரணம். நாம் 135 என்று எண்ணுவோம், அவர் 80 என்று எண்ணுவார். ஒரு தடத்தில் மணிக்கு ஆறு வண்டியில் மூன்று மட்டும் சாதாரணம் என்றால், நமக்குப் பத்து நிமிஷம், அவருக்கு இருபது. அட்டவணையில் வண்டி எண்ணிக்கை குறையவே குறையாது. அவர் காத்திருக்கும் நேரம் இரண்டு மடங்கு. இரண்டு இடத்தில் மாறினால் இரண்டு இடத்திலும் அப்படி. 'கட் சர்வீஸ்' வந்து பாதி வழியில் இறக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

விளைவு நம் வாசலுக்கு வருகிறது. ஆறரைக்கு வந்தவர் ஏழே காலுக்கு வருகிறார். சில வீடுகளில் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பெயர் வேண்டாம். இந்த வருஷம் அப்படிப் பிடிப்பது சரியில்லை என்பது என் அபிப்பிராயம், வெளிப்படையாகவே சொல்கிறேன். மெட்ரோ வந்தால் நம் பிளாட் விலை ஏறும் என்று இதே ஹாலில் போன கூட்டத்தில் சந்தோஷப்பட்டோம். அந்த ஏற்றத்துக்கான செலவில் ஒரு பங்கை, அதிகாலை நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவர் கட்டுகிறார். வேலை நேரத்தை முக்கால் மணி தள்ளிப்போடுவதால் நமக்கு ஒன்றும் குடி முழுகாது. காபியை நாமே போட்டுக்கொள்ளலாம்.

சங்கம் என்ன செய்யலாம்? ஒரு மனு எழுதலாம். ஆனால் "பஸ் சரியாக வருவதில்லை, ஆவன செய்யவும்" என்று எழுதினால் அது எந்தக் கோப்பில் தூங்கும் என்று வங்கியில் முப்பத்தாறு வருஷம் இருந்த எனக்குத் தெரியும். எண் இருந்தால்தான் யாராவது பதில் எழுதுவார்கள். அதனால் இரண்டு வாரத்துக்கு நாம் ஒரு பதிவேடு எழுதுவோம். காலை ஐந்தரை முதல் எட்டு வரை, மாலை நாலு முதல் ஏழு வரை. நிறுத்தத்தில் நின்று, வந்த வண்டியின் தட எண், நேரம், சாதாரணமா இல்லையா, 'கட்'டா முழுத் தடமா, அவ்வளவுதான். எப்படியும் நடைப்பயிற்சிக்குப் போகிறோம். நாகேஸ்வர ராவ் பூங்காவை ஒன்பது சுற்றுச் சுற்றுவதில் இரண்டு சுற்று குறைந்தால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த எண்களை வைத்து மூன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். அதிகாலை இரண்டு மணி நேரமாவது அடையாறு - மயிலாப்பூர் பக்கம் சாதாரண வண்டிகளைக் கூட்ட வேண்டும். பட்டினப்பாக்கம், மந்தைவெளி, லஸ் என்று பிரிந்து கிடக்கும் முனைகளை இணைத்துச் சிற்றுந்து விட வேண்டும். 2013 அக்டோபரில் 'எஸ்' வரிசைச் சிற்றுந்துகளை விட்டபோது, பெரிய வண்டி போக முடியாத தெருக்களுக்கு என்றுதானே விட்டார்கள், இப்போது மயிலாப்பூரே அப்படித்தான் இருக்கிறது. மூன்றாவது, மாற்றிய நிறுத்தத்தில் தமிழில் ஒரு பலகை: எந்த எண், எந்தப் பக்கம், எந்தத் தேதி வரை. செயலியில் இருக்கிறதே என்பார்கள். எல்லார் கையிலும் அந்த போன் இல்லை.

இணைப்பு கொடுத்தால் என்ன வித்தியாசம் என்பதற்கு தி.நகரைப் பாருங்கள். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் மிதிபடாமல், 5பி, 12பி பிடிக்க வருகிறோம். ஊரில் வேறு எதுவும் மாறவில்லை, நடுவில் விட்டுப்போன கொஞ்ச தூரத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

பெசன்ட் நகரிலிருந்து அடையாறு, மந்தைவெளி, மயிலாப்பூர் வழியாகப் பெரம்பூர் போகும் 29சி-யைப் பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். அது எந்தத் தெருவில் திரும்புகிறது என்பது வேலை நகர நகர மாறுகிறது. நேற்று நான் சொன்னது இன்று பொய்யாகலாம். கிளம்புமுன் செயலியைப் பாருங்கள்; போன் பழக்கம் இல்லாதவர்கள் முனையத்தில் டைம் கீப்பரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் ஒரு வண்டியும் கிளம்பாது.

டோக்கன் வாங்காத மூத்தவர்கள் ரேஷன் கார்டு நகல், வயதுச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் அளவு புகைப்படம் எடுத்து வையுங்கள். அரை ஆண்டுக்கு ஒரு முறை பணிமனைகளிலும் முனையங்களிலும் கொடுப்பார்கள். தனியாகப் போக முடியாதவர்களை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

பதிவேட்டுக்காக நீளநோட்டு இரண்டு வாங்கி, கோடு போட்டு, தலைப்பு எழுதி வாட்ச்மேன் மேஜையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை ஐந்தரை முறைக்கு நான் போகிறேன். செவ்வாய்க்கு முதல் மாடியிலிருந்து ஒருவர் பெயர் கொடுத்திருக்கிறார். புதனிலிருந்து காலியாக இருக்கிறது; போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.