ஹெட் கேஸ்கெட் போனால்...

கார் சூடாகி நின்றுவிட்டது. "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு, இன்ஜினையே இறக்கிடலாம் சார்" என்கிறார் மெக்கானிக். உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதலில் ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

குக்கர் மூடியில் ரப்பர் வளையம் போனால், வளையத்தைத்தானே மாற்றுகிறோம்? மூடியே கோணிப்போயிருந்தால், புது வளையம் போட்டாலும் ஆவி கசியும். இன்ஜினிலும் அதே கதைதான்: ஹெட்தான் மூடி, கேஸ்கெட்தான் வளையம். ஹெட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைப்பார்கள். இடுக்கில் ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பார்ப்பார்கள். கொஞ்சம் கோணல் என்றால் பட்டறையில் இழைத்துச் சமன் செய்துவிடலாம்.

அப்படியானால் இன்ஜினை எப்போது இறக்குவது? ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். கலந்த ஆயிலோடு பல நாள் ஓட்டியிருந்தால், பேரிங் தேய்ந்திருக்கலாம். சிலிண்டர் சுவரில் ஆழமாகக் கீறல் விழுந்திருந்தாலும் வெறும் கேஸ்கெட் வேலை வீண் செலவு. ஆனால் கீறல் இருக்கிறதா என்பதை ஹெட்டைக் கழற்றிய பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சூட்டு முள் ஏறியதும் ஓரங்கட்டி அணைத்தவருக்குப் பெரும்பாலும் கேஸ்கெட்டோடு போய்விடும். "வீடு பக்கம்தானே" என்று மிதித்தவருக்குத்தான் பெரிய பில். இன்னொன்று, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள்.