வௌவாலின் சிக்கனமும் நமது கணக்கேடும்



பொருளியல் பயின்று, அரசின் வரவு செலவுக் கணக்குகளிடையே பணிக்காலத்தைக் கழித்து வரும் ஒருவன் வௌவால்களைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறாத ஒரு செல்வம் அழியும்போது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை, வட அமெரிக்கக் குகைகளில் நேர்ந்த ஓர் அழிவு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

2006ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி நகருக்கு அருகே ஒரு குகையில் எடுக்கப்பட்ட நிழற்படத்தில், உறங்கும் வௌவால்களின் மூக்கில் மாவு பூசியது போன்ற வெண்படலம் காணப்பட்டது. குளிரை விரும்பும் ஒரு பூஞ்சையே அதற்குக் காரணம் என்பது பின்னர் உறுதியாயிற்று. வெண்மூக்கு நோய் எனப்படும் அந்நோய், பத்தாண்டுகளுக்குள் மூன்று இனங்களில் 90 சதவீதத்திற்கும் மேற்பட்ட வௌவால்களை அழித்துவிட்டது.

ஒரு பூஞ்சைக்கு இத்தனை வலிமை எவ்வாறு வந்தது? விடை வௌவாலின் சிக்கனத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூச்சிகள் இல்லை. ஆகவே வரவும் இல்லை. இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பே முழுக் கையிருப்பு. அதைக் காக்க, வௌவால் தன் உடல் வெப்பத்தைக் குகையின் குளிருக்கு இணையாகத் தாழ்த்தி உறங்குகிறது. அப்போது நோய் எதிர்ப்பாற்றலும் பெரிதும் குறைந்துவிடுகிறது. ஏனெனில் எதிர்ப்பாற்றலும் ஒரு செலவினமே. குளிர்ந்த உடலில் நோய்க்கிருமிகள் பலவும் பெருக முடியாதாகையால், இந்தச் சிக்கனம் நெடுங்காலமாகத் தீங்கின்றி நடந்து வந்தது. ஆனால் இப்பூஞ்சை குளிரிலேயே செழிப்பது. சுமார் 20 பாகை செல்சியசுக்கு மேல் வளராதது. காவல் குறைந்த வேளையில் அது சிறகுத் தோலை அரிக்கிறது; உடலின் நீரும் உப்பும் சீர்குலைகின்றன. வழக்கமாக இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை விழிக்கும் வௌவால் அடிக்கடி விழிக்கிறது. ஒவ்வொரு விழிப்புக்கும் உடலைச் சூடேற்றக் கொழுப்பு கரைகிறது. வசந்தம் வருமுன் கையிருப்பு தீர்ந்து, பட்டினியால் அது மடிகிறது. பிழைத்து எழுபவற்றுள்ளும் சிலவற்றிற்கு, திடீரெனத் திரும்பும் எதிர்ப்பாற்றல் கடும் அழற்சியை மூட்டிச் சிறகைச் சிதைத்துவிடுகிறது.

ஐரோப்பாவில் இதே பூஞ்சை இருந்தும் அங்குள்ள வௌவால்கள் கூட்டங்கூட்டமாக மடிவதில்லை. நீண்ட காலம் இணைந்து வாழ்ந்ததால் அவை அதனைத் தாங்கப் பழகின எனக் கருதப்படுகிறது. அமெரிக்காவிலும் சில இடங்களில் சிறு கூட்டங்கள் நிலைத்து நிற்கின்றன. அவற்றுள் சில, முன்னைவிட மிகுந்த கொழுப்புடன் உறங்கச் செல்வதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் ஆண்டுக்கு ஓரிரு குட்டிகளே ஈனும் உயிரினம் இழந்ததை விரைவில் ஈடுசெய்ய இயலாது.

இனி என் துறைக்கு வருகிறேன். பூச்சியுண்ணும் வௌவால்கள் அமெரிக்க வேளாண்மைக்கு அளிக்கும் பயன் ஆண்டுக்கு 370 கோடி முதல் 5,300 கோடி டாலர் வரை இருக்கலாம் என 2011இல் மதிப்பிடப்பட்டது. இவ்வளவு அகன்ற இடைவெளியே, நாம் இதனை எவ்வளவு குறைவாக அளந்திருக்கிறோம் என்பதற்குச் சான்று. 2024இல் எயல் பிராங்க் என்னும் பொருளியலாளர் வேறு வழியில் கணக்கிட்டார். நோய் பரவிய மாவட்டங்களையும் அதுவரை பரவாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார். வௌவால்கள் மறைந்த இடங்களில் உழவர்கள் பூச்சிக்கொல்லிப் பயன்பாட்டைச் சுமார் 31 சதவீதம் உயர்த்தியிருந்தனர். அங்கே, விபத்து போன்ற புறக்காரணங்களால் நேர்ந்தவை நீங்கலாக, குழந்தை இறப்பு விகிதம் ஏறக்குறைய 8 சதவீதம் கூடியிருந்தது. 2006 முதல் 2017 வரை 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்பு இவ்வகையில் நேர்ந்ததாக அவர் மதிப்பிட்டார்.

அன்பர்களே, இதில் ஒரு முரண்பாட்டைக் கவனியுங்கள். வௌவால் இரவு முழுதும் பூச்சி பிடித்தால் நாட்டு வருமானத்தில் ஒரு காசும் ஏறுவதில்லை. அது மடிந்தபின் வாங்கப்படும் பூச்சிக்கொல்லியின் உற்பத்தியோ வருமானமாகப் பதிவாகிறது. இழப்பு வளர்ச்சியின் வேடம் பூண்டு வருகிறது! நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலி, காகம் ஆகியவற்றுடன் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அப்பட்டியல் நீக்கப்பட்டது.

நிதி நெருக்கடி வரும்போதெல்லாம் ஆய்வு, கண்காணிப்பு ஆகிய இனங்களையே நாம் முதலில் வெட்டுகிறோம். நானும் அவ்வாறு கோடிட்டவன்தான். பல ஆண்டுகள் தீங்கு நேராததால் அது நல்ல சிக்கனமாகவே தோன்றியது. குகையில் உறங்கிய வௌவாலுக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்கு வேறு வழியில்லை, நமக்கு உண்டு. நல்ல ஆண்டுகளிலேயே கண்காணிப்புக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கி, அதனை வெட்டாமல் காப்போமாக. அவ்வாறு செய்யத் தவறினால், கணக்கில் மிச்சமானதைக் குழந்தைகளின் உயிரால் ஈடுசெய்ய நேரும்.