மோதிய பின் கார் சொல்வதைக் கேட்போம்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



வைத்தியர்களை மேடைக்கு அழைத்தால் நீரிழிவு பற்றிப் பேசுவார்கள் என்று எண்ணியிருப்பீர்கள். நாமோ கார் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தொண்ணூறுகளில் இங்கே படித்தபோது நாமெல்லாம் சைக்கிளில் வந்தவர்கள். இன்று வாசலில் நிற்கும் கார்களில் பலவற்றை ஓட்டி வந்தவர்கள் பெண்களே. ஆனால் கார் எங்காவது அடிபட்டால், கராஜில் பேசும் பொறுப்பை இன்னும் கணவரிடமோ தம்பியிடமோ விட்டுவிடுகிறோம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025இல்தான். ஆகவே எம்மில் பலர் ஓட்டுவது பழைய கார். ஒருமுறையேனும் அடிபட்டுத் திருத்திய காராகவும் அது இருக்கலாம்.

எமது அனுபவத்தையே சொல்கிறோம். சில வருடங்களுக்கு முன், ஒரு மாரி இரவு, பருத்தித்துறையில் கடமை முடிந்து எம்மில் இருவர் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். நெல்லியடி தாண்டியபின் மாடொன்று குறுக்கே வந்தது. விலத்தினோம். இடது முன்சில்லு மதகுக் கட்டில் மோதியது. எமக்குக் காயமில்லை.

கராஜ் ஒன்றில் மட்காட்டைத் தட்டி, பெயின்ற் அடித்து, வீல் அலைன்மென்ற்றும் செய்து தந்தார்கள். கார் புதிதுபோல் நின்றது. ஆனால் ஓடும்போது இடப்பக்கம் இழுத்தது. பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். திரும்பக் கொண்டுபோனோம். “றோட்டு அப்பிடி டொக்டர். ஓட ஓடப் பழகிப்போம்” என்றார்கள்.

நாமும் பழகிவிட்டோம். வெட்கத்தோடு சொல்கிறோம், ஸ்ரியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடித்தபடி, பின் ஆசனத்தில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, இரண்டு மாதம் ஓடினோம்.

கடைசியில் எமது தோழியின் தந்தையாருடைய ஒஸ்ரின் ஏ 40 காரை முன்னொரு காலத்தில் பராமரித்த முதியவரிடம் போனோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஓடவைத்த கார்கள் அவை. மொறிஸ் மைனரும் ஏ 40உம் நோயாளிகளைச் சுமந்ததை எமது தலைமுறை கண்ணால் கண்டது. உதிரிப்பாகம் கிடைப்பது அரிதான அந்நாட்களில், எது பழுது என்று சரியாகக் கண்டுபிடிக்காமல் ஒன்றையும் கழற்ற முடியாது. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. காரைத் தொடமுன்பே கேட்டார்: “எந்தச் சில்லு பிள்ளை? முன்னாலை இடிச்சதோ, பக்கத்தாலை இடிச்சதோ? எவ்வளவு வேகம்?”

எமக்குச் சுருக்கென்றது. விபத்து நோயாளி வந்தால் நாம் முதலில் கேட்பதும் அதைத்தானே.

பிறகு அளவுநாடா எடுத்தார். இடப்பக்கத்தில் முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை அளந்தார், வலப்பக்கமும் அளந்தார். இடப்பக்கம் ஒரு விரலகலம் குறைந்திருந்தது. ஜாக்கில் உயர்த்திச் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லோவர் ஆம் பின்னுக்கு வளைந்திருந்தது. அதன் நுனியிலுள்ள போல் ஜொயின்ற் ஆடியது. “இது கழண்டால் சில்லு மடிஞ்சு போம் பிள்ளை” என்றார். பின் ஆசனத்தில் இருந்த பிள்ளைகளை நினைத்தோம். பேச்சு வரவில்லை.

அலைன்மென்ற் ஏன் இதைக் காட்டிக் கொடுக்கவில்லை? நாம் ஓட்டும் சிறிய கார்கள் பலவற்றில் அங்கே இலகுவாகத் திருத்தக்கூடியது சில்லுகள் உள்ளே, வெளியே நோக்கும் கோணம் ஒன்றே. வளைந்த இரும்பு அந்தத் திருத்தத்தால் நிமிராது. அளந்து பார்ப்பது பரிசோதனை; அது சிகிச்சையல்ல. வயிற்றுவலிக்குக் காரணம் தேடாமல் வலிமாத்திரை கொடுத்து அனுப்புவது போன்றது அந்த வேலை. ஆகவே திருத்தமுன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாள்கள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

இனி, நீங்களே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலில் இழுவை. எமது வீதிகள் மழைநீர் வடிய ஓரம் சரிந்தவை. இடப்பக்கம் ஓடும் கார் சிறிது இடப்பக்கம் போவது இயல்பு. சோளகக் காலத்தில் வல்லை வெளியில் காற்றும் தள்ளும். ஆகவே காற்றில்லாத வேளையில், சமமான வீதியில் பாருங்கள். எப்போதும் இழுக்கிறதா, பிறேக் பிடிக்கும்போது மட்டுமா? பிறேக்கில் மட்டும் என்றால் பிறேக்கை முதலில் பார்க்கவேண்டும். எப்போதும் என்றால், காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, முன் ரயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். இழுவையும் பக்கம் மாறினால் குற்றம் ரயரில். மாறாவிட்டால் சில்லின் கோணத்தையும் அதைத் தாங்கும் பாகங்களையும் பார்க்கவேண்டும். நேராக ஓடும்போது ஸ்ரியரிங் கோணலாக நின்றால் அதுவும் ஓர் அறிகுறி.

அடுத்தது சத்தம். மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்றால் போல் ஜொயின்ற், புஷ், ஸ்ரபிலைசர் லிங்க் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். முடக்கில் திரும்பும்போது ‘டிக் டிக்’ என்று தொடர்ந்தால் சில்லைச் சுழற்றும் அச்சின் மூட்டு. வேகம் கூடக் கூட உறுமல் கூடினால் ரயராகவோ சில்லின் பேரிங்காகவோ இருக்கலாம். வலப்பக்கம் வளையும்போது உறுமல் கூடினால் பாரம் ஏறும் இடப்பக்கத்துப் பேரிங்கை முதலில் பாருங்கள். ஆனால் சத்தம் இரும்பு வழியே ஓடும். கேட்கும் இடமும் பழுதான இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. இடுப்பு மூட்டு நோயாளி முழங்கால் வலி என்று வருவதை நாம் நாளாந்தம் காண்கிறோம்.

கண்ணாலும் பாருங்கள். ரயரின் பக்கச் சுவரில் கொப்புளம்போல் வீக்கம் இருந்தால் அதில் ஓடாதீர்கள். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறதா, சொக் அப்சோபரில் எண்ணெய் வடிகிறதா என்று பாருங்கள். ஸ்ரியரிங் தளர்ந்து ஆடினால் காரை ஓட்டிச் செல்லாமல் ஏற்றிச் செல்லுங்கள். ஜாக் மட்டும் தாங்கி நிற்கும் காரின் கீழே எவரும் போகக்கூடாது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். எப்படி மோதியது, எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில் சத்தம் என்று சொல்லும் பெண்ணிடம் “பழகிப்போம்” என்று சொல்வது எளிதல்ல.

கடைசியாக, எமக்கு நாமே சொல்லிக்கொண்ட ஒன்று. “ஏதோ சரியில்லை டொக்டர்” என்று சொல்லும் தாய்மாரை, அறிக்கைகள் சரியாக இருக்கின்றன என்று சொல்லி நாமும் திருப்பி அனுப்பியிருக்கிறோம். கராஜ் வாசலில் அவர்களுடைய இடத்தில் நின்ற பிறகுதான் அது எப்படியிருக்கும் என்று எமக்கு விளங்கியது. இப்போது கிளினிக்கில் இன்னொரு கேள்வி கேட்ட பின்பே அனுப்புகிறோம்.

கேள்வி கேட்கும் பழக்கத்தை எமக்குத் தந்தது இந்த மண்டபம். அந்தக் கடனை நினைந்து, நூறாண்டு கண்ட எமது சங்கத்தை வாழ்த்தி அமைகிறோம்.