நாடகமும் அதனைக் காண்போரும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நமது நாடகக் குழுவைக் குறித்துச் சில வார்த்தைகள் பேச வேண்டுமெனக் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். புகழ்ந்து பேச வேண்டுமென்று அவர்கள் சொல்லவில்லை. ஆதலின் உள்ளதை உள்ளவாறே சொல்லத் துணிகின்றேன். சென்ற ஆண்டு விழாவில் நம் இளைஞர்கள் இரண்டு மாத காலம் ஒத்திகை செய்து ஒரு நாடகம் நடத்தினார்கள். முந்நூறு நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. மாணவர்க்குப் பரிசளிப்பு முடியுமட்டும் அவற்றுள் ஒன்றும் காலியாக இல்லை. பரிசு முடிந்ததும் பிள்ளைகளும் பெற்றோரும் எழுந்தனர். பந்திக்கு இலை போட்டாயிற்று என்ற செய்தி வந்ததும் மற்றையோரும் எழுந்தனர். கடைசிக் காட்சி நடைபெற்றபோது எஞ்சியிருந்தவர்கள் நடிகர்களின் தாய்மார்களும், நாற்காலிகளை எண்ணிக் கொண்டுபோக வந்திருந்த வாடகைக்காரருமே. யானும் இருந்தேன், ஆயினும் அதனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கில்லை. எனக்கு அன்று முழங்கால் வலி.

இதனைக் கண்டு மனம் நொந்த நம் பொருளாளர் அவர்கள், இவ்வாண்டு முதல் நாடகத்தை நிறுத்தி, அப்பணத்தைக் கொண்டு ஓர் இன்னிசைக் கச்சேரி வைக்கலாமென்று தீர்மானம் ஒன்று கொடுத்திருக்கின்றார்கள். அவர்கள் நாடகத்திற்குப் பகைவர் அல்லர். சங்கத்தின் காசை வீணே செலவழிக்க ஒருப்படாதவர்கள், அவ்வளவே. அத்தீர்மானம் வருகின்ற செயற்குழுவில் முடிவுக்கு வரும். அதற்கு முன்னர் என் கருத்தை உங்கள் முன் வைத்துவிட விரும்புகின்றேன். குற்றம் நாடகத்தினுடையதும் அன்று, எழுந்துபோனவர்களுடையதும் அன்று. நாடகத்தை ஆக்குவதற்கு இரண்டு மாதம் பாடுபட்ட நாம், அதனைக் காண்போரை ஆக்குவதற்கு இரண்டு நாழிகையும் செலவிட்டோமல்லோம். கூட்டத்தைத் துண்டுப் பிரசுரத்தால் சேர்த்துவிடலாம். அவை என்பது அவ்வாறு சேர்வதன்று.

இஃது ஏதோ புதுக்கொள்கை என்று எண்ணற்க. வடார்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில் விழாவைக் கண்டவர்கள் இங்குப் பலர் இருக்கின்றீர்கள். அங்கே பகற்பொழுதில் பாரதப் பிரசங்கியார் அமர்ந்து வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் விரித்துரைப்பார். இரவில் கூத்தர்கள் அந்தக் கதையையே ஆடுவார்கள். ஆகவே இரவு கூத்துக்கு வந்து அமரும் உழவன் கதை அறியாதவனாக வருவதில்லை. தருமன் செய்தது சரியா தவறா என்று பகலெல்லாம் தன்னோடிருந்தவரிடம் வழக்காடிவிட்டே வருகின்றான். இடையிடையே கட்டியங்காரன் புகுந்து, அரசனையே கேலி செய்து, காண்போர் கேட்க விரும்புவதைத் தான் கேட்கின்றான். அருச்சுனன் தபசன்று வேடதாரி நெடிய பனங்கம்பத்தின்மேல் ஏறி, அங்கிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் வீசும்போது, பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்கின்றனர். படுகளத்தன்று துரியோதனன் உருவை ஊர் நடுவே மண்ணாற் பெரிதாகக் கிடத்தி, பீமனும் துரியோதனனுமாக வேடமிட்டோர் அதனைச் சுற்றிப் போர் புரிகையில், ஊர் முழுவதும் அக்களத்தில் நிற்கின்றது. அங்கே காண்போர் யார், ஆடுவோர் யார் என்று கோடு கிழிக்க ஒருவராலும் இயலாது. நம் முன்னோர் நாடகத்தை மேடையில் தொடங்கி மேடையில் முடித்தவர்கள் அல்லர். நாமோ திரையைத் தூக்கினால் நாடகம், இறக்கினால் சாப்பாடு என்று ஆக்கிக்கொண்டோம்.

"அது கோயில் விழா, பக்தியினால் ஜனங்கள் நிற்கின்றனர். சங்கத்து நாடகத்திற்கு யார் நிற்பார்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு விடையாக நம் அண்டை நாடாகிய கன்னட நாட்டிலுள்ள ஒரு சிற்றூரைக் காட்டுகின்றேன்.

சிவமொக்கா ஜில்லா, சாகர் தாலுக்காவில் ஹெக்கோடு என்பது அவ்வூர். மழை மிகுந்த மலைநாடு. கமுகுத் தோட்டங்களும் ஓட்டு வீடுகளும். 1949-ஆம் ஆண்டில் அவ்வூரார் ஸ்ரீ நீலகண்டேசுவர நாட்டிய சேவா சங்கம் என்று ஒரு நாடக சபையை நிறுவினர். அதன் பெயரை அவர்கள் சுருக்கி நீநாசம் என்று வழங்குகின்றனர். தமிழ்க் காதுக்கு இப்பெயர் அபசகுனமாக ஒலிக்கும். ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சபைக்கு ஒரு நாசமும் நேரவில்லை. அதற்கு உயிராய் நின்றவர் கே. வி. சுப்பண்ணா. மைசூர் மகாராஜா கல்லூரியிற் பயின்றவர். உத்தியோகம் தேடி நகரத்திற்குச் செல்லாமல் தம் ஊருக்கே திரும்பிக் கமுகுத் தோட்டத்தையும் நாடக சபையையும் பேணியவர். 1991-இல் மகசேசே விருது அவரைத் தேடி அச்சிற்றூருக்கு வந்தது. 2005-இல் அவர் காலமானார்.

தொடக்கத்தில் அவர்கள் செய்தது நாம் செய்வதையே. ஆண்டுக்கு ஓரிரு நாடகம். நடிப்போர் தோட்டக்காரர், காண்போர் அவர்தம் உறவினர். ஆனால் சுப்பண்ணா அவ்வளவில் நிற்கவில்லை. அட்சரப் பிரகாசனம் என்ற பதிப்பகத்தை ஏற்படுத்தி, நாடகங்களையும் நாடகத்தைப் பற்றிய நூல்களையும் கன்னடத்தில் வெளியிட்டார். நாடகம் பார்ப்பவன் கையில் படிப்பதற்கும் ஏதேனும் இருக்க வேண்டுமென்பது அவர் கொள்கைபோலும். 1973-இல் திரைப்படச் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். உலகத்துச் சிறந்த படங்களைக் கமுகு பறிக்கும் ஜனங்களுக்குக் காட்டினால் விளங்குமா என்று படித்தவர்கள் நகைத்திருக்கக்கூடும். அவர்களோ படத்தைக் காட்டுவதோடு அமையாமல், தாய்மொழியில் விளக்கம் சொல்லி, கண்டபின் கூடிப் பேசினார்கள். ஜப்பானியக் குரோசாவாவின் படமும் வங்காளத்து ரேயின் படமும் அவ்வாறே அம்மலைநாட்டாருக்குப் பழக்கமாயின. 1980-இல் நாடகப் பள்ளி தோன்றியது. 1983 முதல் 1985 வரை ஜனஸ்பந்தனம் என்ற திட்டத்தின் வழியே இவ்வேலையைக் கன்னட நாட்டின் பிற கிராமங்களுக்கும் கொண்டு சென்றனர். அதற்கு ஃபோர்டு நிறுவனத்தின் பொருளுதவி இருந்தது என்பதையும் மறையாது சொல்லிவிடுகின்றேன். இல்லையேல் பொருளாளர் அவர்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

1985-இல் தொடங்கிய "திருகாட்ட" என்பதே அவர்கள் செயல்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. சுற்றித் திரிதல் என்பது இச்சொல்லின் பொருள். மழைக்காலத்தில் நடிகர்கள் ஹெக்கோட்டில் தங்கிச் சில நாடகங்களைத் தயாரிக்கின்றனர். மழை ஓய்ந்ததும் திரைச்சீலையையும் விளக்குகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்படுகின்றனர். ஒரு பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முறை ஆடுவதுண்டு. ஷேக்ஸ்பியரும் காளிதாசனும் பிரெக்டும், கன்னடப் புலவர்களின் நாடகங்களோடு கலந்து இவ்வாறு சென்றனர். ஒவ்வோர் ஊரிலும் அவர்களை அழைப்பது உள்ளூர்ச் சபையே: மேடைக்கு இடம் பார்ப்பதும், சீட்டு விற்பதும், நடிகர்க்கு உணவும் படுக்கையும் கொடுப்பதும் அவ்வூராரின் பொறுப்பு. எவன் வீட்டில் நடிகன் உண்டானோ அவன் அன்றிரவு பாதியில் எழுந்துபோவானா? தன் வீட்டு விருந்தாளியின் ஆட்டத்தை அவன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்?

இன்னொன்றும் உண்டு. பல்லாண்டுகளாக அவர்கள் நடத்தி வந்த கலாசாரப் பயிற்சி முகாமில் மாலைதோறும் ஒரு நாடகம் நடைபெறும். மறுநாட் காலையில் முகாமுக்கு வந்தோர் கூடி, முந்தின இரவு கண்டதைப் பற்றி வாதிடுவர். புலவரும் பேசுவர், பள்ளி ஆசிரியரும் பேசுவர், மாணவரும் பேசுவர். நாடகம் ஆடியவர்களும் அதனைக் கேட்டுக்கொள்வர். பாராட்டுக்காக மட்டும் மேடையேறுகின்ற நம் இளைஞர்களுக்கு இது சற்றுக் கசப்பாயிருக்கும். கஷாயமும் அப்படியே.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகின்றேன். இங்குள்ள மூத்தோர்க்கு நினைவிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன்பு நாம் நல்லதங்காள் நாடகம் போட்டோம். நாடகம் முடிந்து விளக்கணைக்கும் சமயத்தில், கிராமத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆச்சி மேடையண்டை வந்து நின்றார். "மூளி அலங்காரி கெட்டவள்; சரி. அண்ணன் வேட்டைக்குப் போய்விட்டான், அதுவும் சரி. அந்த ஊரில் வேறு வீடே கிடையாதா, தம்பி? ஏழு குழந்தை பசித்துத் தெருவில் நடந்தால் ஒருத்தியும் கதவைத் திறக்கவில்லையா?" என்று கேட்டார். நாங்கள் திகைத்தோம். எங்கள் பிரதியில் அத்தெருவில் அண்டை வீடே இல்லை. ஒருவர் எழுதியதை நாங்கள் ஒப்பித்தோமேயன்றி, எவரும் இதனை நினைத்தவரல்லர். நாடகாசிரியராயிருந்த நண்பர் அவ்வாச்சியைத் திண்ணையில் உட்கார்த்தி நெடுநேரம் பேசினார். மறுவருஷம் அதே நாடகத்தில் அண்டை வீட்டுப் பெண்கள் இருவர் வந்தனர். கதவிடுக்கின் வழியே பார்த்துக்கொண்டு, நமக்கேன் வம்பு என்று உள்ளே போய்விட்டனர். அக்காட்சி அரைக்கால் நாழிகைகூட இராது. அன்று அவையில் நிலவிய அமைதியை யான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பந்தி அன்று ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. ஜனங்கள் இலையின் முன் உட்கார்ந்தும் அதையே பேசினார்கள்.

அந்த ஆச்சியை அதற்குப்பின் நாம் ஒருநாளும் கேள்வி கேட்கவிடவில்லை. நாடகம் முடிந்தவுடன் நன்றியுரை, மாலை மரியாதை, புகைப்படம் என்று நேரமெல்லாம் போய்விடுகின்றது. நன்றியுரையில் முப்பது பெயர் சொல்லுகின்றோம். கண்டிருந்தவரின் பெயர் ஒன்றும் அதில் வருவதில்லை.

மற்றொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு மனத்தாங்கல் நேரினும் நேருக. நமது மண்டபத்து வாயிலில் விழா நாளன்று "அங்கத்தினர்க்கும் குடும்பத்தார்க்கும் மட்டும்" என்று பலகை வைக்கின்றோம். சாப்பாட்டிற்கு அது நியாயமே, இலைக்கணக்கு உண்டு. நாடகத்திற்கு எதற்கு? நம் தெருவில் நம்மவரல்லாதார் எத்தனையோ பேர் வாழ்கின்றனர். நம் பிள்ளையின் நடிப்பை நம் சித்தப்பாவும் பெரியப்பாவும் பார்த்தால், நன்றாயிருந்தாலும் நன்று என்பார்கள்; நன்றாயில்லாவிடினும் நன்று என்பார்கள். அயலான் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும். அன்றியும், நல்லதங்காளுக்குக் கதவு திறவாத தெருவை நாடகமாடிக் காட்டுகின்ற நாம், நம் கதவைச் சாத்திக்கொண்டு அதனை ஆடுவது எங்ஙனம் பொருந்தும்?

சென்னையில் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் முதலியோர் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, நாடகமென்றாலே கௌரவமுள்ளவர் முகஞ்சுளித்த காலம். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேடம் புனைந்து மேடையேறியதைக் கண்ட பின்னரே அந்த முகச்சுளிப்பு மெல்ல மாறிற்று. அவர்களும் நடிகரை மட்டும் உண்டாக்கவில்லை; நாடகம் பார்க்க வரலாம் என்று துணிந்த ஒரு வகுப்பாரையே உண்டாக்கினார்கள். அதற்குப் பல வருஷங்கள் பிடித்தன. ஹெக்கோட்டிலும் அப்படியே. நாம் ஓராண்டில் ஒரு நாற்காலிக் கணக்கைப் பார்த்துவிட்டுக் கடையைக் கட்டப் பார்க்கின்றோம்.

ஆதலின் பொருளாளர் அவர்களின் தீர்மானத்திற்கு யான் ஒரு திருத்தம் கொடுக்கின்றேன். நாடகத்திற்கென ஒதுக்கிய தொகையைக் கூட்ட வேண்டியதில்லை. திரைச்சீலைக்கும் வண்ண விளக்குக்கும் செலவிடுவதில் ஒரு பங்கைக் குறைத்து, நாடகப் பிரதியை விழாவிற்கு இரண்டு மாதம் முன்னதாகவே இப்பத்திரிகையில் அச்சிட வேண்டும். விழாவிற்கு முன் வாரம் ஒரு வீட்டில் அதனை வாய்விட்டு வாசிக்க வேண்டும். கேட்போர் இடைமறித்துக் கேட்கலாம். நாடகத்தைப் பரிசளிப்பிற்கும் பந்திக்கும் நடுவே செருகாமல் தனி மாலையில் நடத்துக, பலகையை எடுத்துவிடுக. மறுநாட் காலை எட்டு மணிக்கு அதே மண்டபத்தில் காப்பியோடு ஒரு பேச்சு; அதில் முதலிற் பேசுபவர் நடிகராகவோ நிர்வாகியாகவோ இருத்தல் கூடாது. நம் உறவினர் மிகுந்திருக்கும் சுற்றுக் கிராமங்களுள் மூன்றிற்கேனும் அந்நாடகத்தைக் கொண்டு செல்லுக. தங்க இடமும் உணவும் அவ்வூராரே தரட்டும். மூன்று ஆண்டுகள் இவ்வாறு செய்து பார்த்த பின்னும் நாற்காலிகள் காலியாகுமாயின், இன்னிசைக் கச்சேரிக்கு முதல் நன்கொடை என்னுடையதே.

இவ்வாண்டுப் பிரதியை எழுதுகின்ற தம்பி இங்கேதான் உட்கார்ந்திருக்கின்றார். முதல் இரண்டு அங்கங்கள் முடிந்துவிட்டன என்கின்றார். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல் வாசிப்பு என் வீட்டுத் திண்ணையில். பாய் விரித்திருப்பேன். கிராமத்திலிருந்து அந்த ஆச்சியை அழைத்து வருவதற்கு என் பேரன் சனிக்கிழமையே போகின்றான். பொருளாளர் அவர்களும் அவசியம் வரவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன்.