முன்சக்கரத்தில் ஒரு மோட்டார்

மேடு ஏற முடியவில்லை, முட்டி வலிக்கிறது, எதிர்காற்றில் மிதிக்க முடியவில்லை என்று பல வீடுகளில் நல்ல சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றை எடைக்குப் போட வேண்டாம். அதே சைக்கிளில் மோட்டார் பொருத்தி ஓட்டலாம்.

பின்சக்கரத்தில் செயின், ஃப்ரீவீல், ஸ்டாண்டு என்று எல்லாம் நெருக்கிக்கொண்டு இருக்கும். முன்பக்கம் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு நட்டைக் கழற்றினால் சக்கரம் கையோடு வந்துவிடும். ஹப்புக்குள்ளேயே மோட்டார் அடங்கிய சக்கரம் ஒன்றை, அதே அளவில் வாங்கி அங்கே மாட்டி, பழைய டயரையும் டியூபையும் ஏற்ற வேண்டியதுதான். கேரியரில் பேட்டரியும் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரும், ஹேண்டில்பாரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலும் வரும். பிரேக் பிடித்த உடனே மோட்டாரை நிறுத்தும் லீவரும் சேர்த்து வாங்குங்கள். உள்ளே பல்சக்கரம் வைத்த மோட்டாராக இருந்தால், சார்ஜ் தீர்ந்த பிறகும் சைக்கிள் இழுக்காது, வழக்கம்போல் மிதித்து வரலாம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து நிற்கும் ஃபோர்க்கைப் பற்றி. சாதாரணச் சக்கரத்தில் ஆக்சிலுக்குச் சுமை தாங்கும் வேலை மட்டும்தான். மோட்டார் சக்கரத்திலோ, சக்கரம் முன்னோக்கிச் சுழலச் சுழல, ஆக்சில் அதே விசையோடு பின்னோக்கித் திரும்பப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது ஃபோர்க் நுனியில் உள்ள சிறு வெட்டுத்தான். ஆக்சிலின் இரு பக்கமும் தட்டையாகச் சீவியிருப்பார்கள். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இடையே பெரும்பாலும் 10 மில்லிமீட்டர்தான். 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை அந்த 10 மில்லிமீட்டரில் தாங்குவதென்றால், ஏறத்தாழ 300 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் வெட்டு விரியும், ஆக்சில் சுழலும், வயர் முறுக்கி அறுந்துபோகும். சக்கரமே கழன்றால் ஓட்டுகிறவர் முகம் குப்புற விழுவார்.

இரும்பு ஃபோர்க் என்றால் உடைவதற்கு முன் கொஞ்சம் வளைந்து காட்டும். அலுமினியம் சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துவிடும். இரும்பாகவே இருந்தாலும் டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டையைக் கட்டாயம் போடுங்கள். ஆக்சிலைக் கவ்விப் பிடித்து, மறுமுனையில் ஃபோர்க்கோடு இறுக்கிக் கட்டப்படும் பட்டை அது. 10 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டையின் முனையில் அந்த 300 கிலோ 30 கிலோவாகக் குறைந்துவிடும். விலை அதிகமில்லாத இந்தப் பட்டையை மிச்சம் பிடிக்க நினைப்பது உயிரோடு விளையாடுவது.

நம் பழைய பெரிய சைக்கிள்களில் ஃபோர்க் கெட்டியான இரும்பு. ஆனால் வெட்டு சிறியது, அரம் போட்டு அகலப்படுத்த வேண்டியிருக்கும். கம்பி பிரேக் கட்டைகள் புது ரிம்மில் சரியாக உட்காருமா என்பதையும் கடைக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஏற்றத்தில் மட்டுமல்ல, எப்போதும் வேகமாகப் போகப்போகிற வண்டி. பிரேக் பிடிக்காவிட்டால் மோட்டார் வேண்டாம்.

பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் ஹவர் என்றால் 360 வாட் ஹவர். கூடவே மிதித்தால் சுமார் 30 கிலோமீட்டர் போகலாம். அந்த லித்தியம் பேட்டரிக்கென்று கொடுத்த சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகாதீர்கள். படுக்கைக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் கூடாது.

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருந்து, அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் அதை உறுதிசெய்திருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. அதற்கு மேல் சக்தியுள்ள மோட்டாரைத் தேடிப் போகாதீர்கள். சைக்கிளும் தாங்காது, சட்டமும் ஒப்பாது.

கடைக்குப் போகும் முன் ஒரு காந்தத்தை எடுத்து, ஃபோர்க்கில் ஆக்சில் உட்காரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, வேலையைத் தொடங்கலாம். ஒட்டாவிட்டால் முதலில் இரும்பு ஃபோர்க் மாற்றுங்கள், மோட்டாரைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.